நாலாவது முனை

சத்தியநேசன் பட்டாளத்தில் சேர்ந்த புதிதில், சொந்த ஊர் ராஜபாளையம் என்று சொன்னதும் வடக்கத்திக்காரர்கள் எல்லாரும் நாயைப் பற்றித்தான் கேட்டார்கள். ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பியபோது ராஜபாளையத்துக்காரர்கள் எல்லாரும் மிலிட்டரி கேன்டீனைப் பற்றிக் கேட்டார்கள். இரண்டு இடத்திலும் தன்னைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை என்பதை அவர் வேடிக்கையாகத்தான் சொல்வார். கேட்பவர்களும் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும், கேன்டீன் விஷயம் என்னாச்சு என்பார்கள்.

சாதாரண சிப்பாயாகச் சேர்ந்து, சுபேதாராகி, ஓய்வு பெறும் வேளையில் கௌரவ கேப்டன் என்ற பட்டத்தோடு வீடு வந்தவர். அந்தக் 'கௌரவ' என்பதை ஊர் முதல் வாரத்திலேயே உதிர்த்துவிட்டது. பால்காரருக்கு அவர் கேப்டன். கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவருக்குக் கேப்டன் சார். சபைக் கமிட்டியில் கேப்டன் ஐயா. எதிர் வீட்டில் குடியிருந்து நூல் மில்லுக்கு வேலைக்குப் போகும் நாகஜோதிக்கும் அவர் கேப்டன் ஐயாதான். அவருக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது, மனைவி தங்கபாய் உயிரோடு இருந்த வரைக்கும்.

தங்கபாய் போன பிறகுதான் ஒரு விஷயம் அவருக்கு உறைக்க ஆரம்பித்தது. அதுவும் உடனே உறைக்கவில்லை. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து இலைக்காரரை ஒரு பையன் மாமா என்று கூப்பிட்டான், ஒருத்தி சித்தப்பா என்றாள், ஒரு கிழவர் மாப்பிள்ளை என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். இவரிடம் வந்தவர்கள் எல்லாரும், "கேப்டனுக்கு ரசம் ஊத்துங்கப்பா" என்றார்கள். அன்றைக்கு ரசத்தோடு இலையை மடித்துவிட்டார். முறை சொல்லிக் கூப்பிட இந்த ஊரில் தனக்கு ஒருத்தர்கூட இல்லை என்று அப்போதுதான் கணக்கு எடுத்தார். அவர் வீட்டுக்கு ஒரே பிள்ளை. அவர் அப்பா, மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் செல்லையா, அவரும் ஒரே பிள்ளை. தாத்தா யாக்கோபும் அப்படியே. அம்மா வழியிலும் யாரும் மிஞ்சவில்லை. தங்கபாயின் சொந்தங்கள் எல்லாம் நாகர்கோவில் பக்கம். அவள் இருந்தவரைக்கும் வந்துபோனவர்கள், பிறகு கிறிஸ்துமஸ் வாழ்த்தைப் போனில் அனுப்புவதோடு நிறுத்திக்கொண்டார்கள். மகன் செல்வின் கனடாவில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் திரையில் வந்து "டாடி" என்பான். கனடாவில் இருக்கிற பிள்ளையைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? அவனுக்கு அங்கே விடியற்காலை. தூக்கக் கலக்கத்தோடுதான் அதையும் சொல்லுவான்.

ஆள் சும்மா உட்கார்ந்து வருத்தப்படுகிற ரகம் இல்லை. காணாமல் போனதைத் தேடிப் பிடிப்பதுதான் பட்டாளத்தில் அவர் கற்றுக்கொண்ட தொழில். பெரிய வரைபடத்தாள் ஒன்று வாங்கி வந்து கூடத்துச் சுவரில் ஒட்டினார். கீழே செல்வின், மேலே தான், அதற்கு மேலே செல்லையா, யாக்கோபு, யாக்கோபின் அப்பா ஞானமுத்து என்று கட்டம் கட்டமாக வரைந்தார். எல்லைப்புறத்து வரைபடம் மாதிரி அவ்வளவு சுத்தமாக இருந்தது. ஞானமுத்துவுக்கு மேலே ஒரு கட்டம் காலியாக நின்றது.

கிளை விட வேண்டும் என்றால் அந்தக் கட்டத்திலிருந்துதான் விட வேண்டும். ஞானமுத்துவின் அப்பா யார் என்று தெரிந்தால், அவருக்கு வேறு பிள்ளைகள் இருந்திருப்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பேரன்கள் இருப்பார்கள். அவர்களில் யாராவது ஒருத்தர் தன்னை அண்ணன் என்றோ தம்பி என்றோ கூப்பிட்டாக வேண்டும். இவ்வளவுதான் அவருடைய ஆராய்ச்சி. வெளியே கேட்பவர்களிடம், "ஹிஸ்டரியில ஒரு இன்ட்ரஸ்ட்" என்று சொல்லி வைத்திருந்தார்.

பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடிப்பிடித்துப் பார்த்தார். ஞானமுத்து, ஊர் மம்சாபுரம், முந்திய பெயர் வீரணன் என்று இருந்தது. தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தைக் கரையான் தின்றிருந்தது. போனால் போகட்டும், ஊர் பெயர் கிடைத்துவிட்டதே என்று எழுந்தவருக்கு அப்புறம்தான் சிரிப்பு வந்தது. மம்சாபுரம்! லடாக்கிலும் நாகாலாந்திலும் குப்பை கொட்டிவிட்டு வந்தவருக்கு, சொந்த பந்தம் டவுன் பஸ்ஸில் போகிற தூரத்தில் இருந்திருக்கிறது.

மறுநாளே இஸ்திரி போட்ட சட்டையும் பளபளத்த ஷூவுமாக, கையில் ஒரு ஃபைலோடு மம்சாபுரத்தில் போய் இறங்கினார். பஸ் நிற்கும் இடத்தில் டீக்கடை வைத்திருந்த வெள்ளத்தாயிடம் விசாரித்தார்.

"பஞ்சத்துல வேதத்துல சேந்து போன வீரணன் வகையறாவா? அது குருசாமி அய்யா வீட்டு ஆளுகதான். அவிய அடிக்கடி சொல்லுவாவ. நேராப் போயி, தண்ணி டேங்குக்குப் பக்கத்துத் தெரு" என்றாள் அவள். போகும்போது, எதற்கும் இருக்கட்டும் என்று தன் போன் நம்பரை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். பட்டாளத்துப் புத்தி.

குருசாமிக்கு எண்பதுக்கு மேல் இருக்கும். வாசலில் நின்றவரை யார் எவர் என்று கேட்காமலேயே, "வாங்க தம்பி" என்றார். சத்தியநேசனுக்கு நெஞ்சு ஒரு குதி குதித்தது. ஆனால் அதற்குள் தெருவில் கீரை விற்றுப் போனவரையும் தம்பி என்றார், கேபிள்காரரையும் தம்பி என்றார். ஆளுக்கு வாய்ப்பழக்கமே அப்படி என்று தெரிந்ததும் அந்தக் குதி அடங்கிவிட்டது.

பெரியவரின் மனைவி பெத்தம்மாள் மோர் கொண்டுவந்தாள். வந்தவர் ஃபைலைத் திறந்தார். இங்கேதான் அவர் தவறு செய்தார். சொந்தம் தேடி வந்தவன் முதலில் மோரைக் குடிக்க வேண்டும். மழை உண்டா, மாங்காய் பிடித்திருக்கிறதா, முழங்கால் வலி எப்படி என்று விசாரிக்க வேண்டும். இவர் விசாரணைக் கமிஷன் மாதிரி ஆரம்பித்தார். உங்க அப்பா பேரு? தாத்தா பேரு? அவருக்குக் கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்? பெரியவர் சந்தோஷமாகத்தான் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். அதற்குள் இவர் அடுத்த கேள்விக்குத் தாவினார்: "பூர்வீக நிலம் இப்ப எந்தப் பேர்ல இருக்கு? பழைய பட்டா இருந்தா காட்டுங்களேன், அதுல மேல உள்ள பேரெல்லாம் இருக்கும்."

பெத்தம்மாள் கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தாள். உள்ளே போய் மகனுக்குப் போன் போட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இந்தப் பக்கத்தில் ஒருவன் ஷூ போட்டுக்கொண்டு வந்து தாத்தா பேரையும் பட்டாவையும் கேட்டால், அவன் எதற்கு வந்திருக்கிறான் என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அதுவும் அந்தக் குடும்பத்தின் பூர்வீக நிலத்தில் நாலுவழிச் சாலைக்கு அளந்து கல் ஊன்றியிருந்த நேரம்.

மகன் விஜயபாண்டி பைக்கில் வந்து இறங்கினான். நாற்பது வயசு இருக்கும். நின்றபடியே பேசினான்.

"சார், நீங்க யாரு?"

"சொந்தம்தான் தம்பி. எங்க தாத்தாவோட அப்பாவும் உங்க..."

"இம்புட்டு வருசமா வராத சொந்தம், ரோட்டுக்குக் கல்லு ஊன்னதும் வருதாக்கும்?"

சத்தியநேசனுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது. எனக்குப் பென்ஷன் வருகிறது, வீடு இருக்கிறது, வம்சாவளிப் படம் ஒன்று வரைகிறேன், அதற்குத்தான் என்று என்னென்னவோ சொன்னார்.

"வெறும் படத்துக்கா சார் பட்டாவக் கேட்டீய?" என்றான் விஜயபாண்டி.

சத்தியநேசன் ஃபைலை மூடிக்கொண்டு எழுந்தார். "மோரக் குடிச்சிட்டுப் போங்க தம்பி" என்று பெரியவர் மட்டும் இரண்டு தடவை சொன்னார். குடித்திருக்கலாம். மானம் பெரிதாகத் தோன்றியதால் குடிக்காமல் வந்துவிட்டார். அந்த மோரை நினைத்து அதற்குப் பிறகு பல நாள் வருத்தப்பட்டார்.

பெரியவர் சொன்ன அளவில் ஒன்று மட்டும் அவருக்குத் தெளிவாகியிருந்தது. வீரணனும் குருசாமியின் பாட்டனுக்குத் தகப்பனும் கூடப் பிறந்தவர்கள். அதன்படி எண்ணிப் பார்த்தால் குருசாமி இவருக்கு அண்ணன் முறை. பைக்கில் வந்து விரட்டினானே, அந்த விஜயபாண்டி இவரைச் சித்தப்பா என்று கூப்பிட வேண்டும். வீட்டுச் சுவர் முன்னால் நின்று அதைப் பென்சிலால் லேசாகக் குறித்தார், அழிக்க வசதியாக இருக்கட்டும் என்று.

அந்த மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு நாள் விஜயபாண்டியே அவர் வீட்டுக் கதவைத் தட்டினான். கையில் பழப் பை. பழப் பையோடு வந்தால் காரியத்தோடு வந்திருக்கிறான் என்று அர்த்தம். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தான். கூடத்துச் சுவரை ஒரு தடவை பார்த்தான். பென்சிலில் தன் பெயர் இருந்த இடத்தில் கண் கொஞ்சம் நின்றது.

"சார், அன்னைக்குக் கொஞ்சம் வேகமாப் பேசிட்டேன். தப்பா எடுத்துக்கிடாதீய" என்று ஆரம்பித்தான். பிறகு இழுத்து இழுத்து விஷயத்துக்கு வந்தான். பூர்வீக நிலத்தில் யாராவது பாத்தியதை கொண்டாடினால் நஷ்டஈட்டுப் பணம் கோர்ட்டுக்குப் போய்விடும் என்று யாரோ அவனைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். இவர் ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால் தூக்கம் வரும் என்றான். "எனக்கு ஒன்னும் வேண்டாம்னு நீங்களே சொன்னீயல்லா? அதத்தான் பத்திரத்துல..."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம்தான் வந்தது, வெட்கம் கெட்ட சந்தோஷம். சம்பந்தம் இல்லாதவனிடம் போய் யாராவது விடுதலைப் பத்திரம் கேட்பார்களா? இவனும் ஒத்துக்கொண்டுவிட்டான் என்றுதானே அர்த்தம்?

"எழுதித் தாரேன். ஆனா உங்க அப்பா வரணும். வம்சத்தை அவர் வாயால சொல்லணும்" என்றார்.

விஜயபாண்டி சுவரை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "சரி சார்" என்றான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்திரம் எழுதும் சீனியம்மாளின் கடை, பதிவு ஆபீசுக்கு எதிர்ச் சந்தில் இருந்தது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், நாலு பிளாஸ்டிக் நாற்காலி. விஷயத்தைக் கேட்டதும் அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"இம்புட்டுத் தலைமுறை தாண்டி இவியளுக்குப் பாகமே வராதே. எதுக்குய்யா வீண் செலவு?"

"எதுக்கும் இருக்கட்டும்க்கா" என்றான் விஜயபாண்டி.

"செலவு என்னுது. எழுதுங்கம்மா" என்றார் சத்தியநேசன். எங்கே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். தனக்கில்லாத பாத்தியதையை விட்டுக்கொடுக்க இவ்வளவு அவசரப்பட்ட ஆளை அந்தக் கடை அதற்கு முன் பார்த்திருக்காது.

குருசாமி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு சொல்ல ஆரம்பித்தார். "தலைக்கட்டு குருசாமி. அவருக்குப் பிள்ளைக ரெண்டு. மூத்தவரு மொக்கைச்சாமி, எளையவரு வீரணன். மொக்கைச்சாமி மகன் குருசாமி. அவரு மகன் மொக்கைச்சாமி. அவரு மகன் குருசாமி, அது நாந்தேன்."

"பாட்டனுக்கும் பேரனுக்கும் ஒரே பேரா வச்சுப் போனா நான் எப்படி அடிக்க?" என்று சீனியம்மாள் அலுத்துக்கொண்டாள்.

"பாட்டன் பேரு பேரனுக்கு. அதான எங்க வழக்கம்? இவனுக்கும் மொக்கைச்சாமின்னுதான் வந்திருக்கணும். இவன் ஆத்தா ஆஸ்பத்திரியில வச்சே மாத்திட்டா" என்று மகனைக் காட்டினார் பெரியவர்.

சத்தியநேசன் மனசுக்குள் அந்தக் காலிக் கட்டத்தை நிரப்பினார். கரையான் தின்ற பெயர் குருசாமி. அந்தப் பெயரைத்தான் ரெக்கார்டில் தேடு தேடு என்று தேடியிருக்கிறார். அந்தப் பெயரோடேயே ஒரு மனிதர் எதிரில் உட்கார்ந்து மோரைக் குடி என்று சொல்லியிருக்கிறார்.

பிரிண்ட் வரும்வரை பெரியவருக்குப் பேச்சு நிற்கவில்லை. பஞ்ச காலத்தில் பாதிரிமார் வைத்த கஞ்சித் தொட்டிக்குப் போன வீரணன் திரும்பி வரவில்லை என்றார். வேதத்தில் சேர்ந்து, பேரை மாற்றி, படித்து, எங்கேயோ வேலைக்குப் போய்விட்டாராம். அண்ணன் மொக்கைச்சாமி செத்த அன்றைக்கு மட்டும் வந்தாராம்.

"தெரு முக்குல வந்து நின்னாராம் தம்பி. உள்ள வரல. நீர்மாலைக்குப் பங்காளிகளக் கூப்புட்டாவல்லா, அப்பக் கூப்புடுவாகன்னு நின்னிருக்காரு. வேதத்துக்குப் போனவனுக்கு என்ன நீர்மாலைன்னு ஒருத்தரும் கூப்புடல. எல்லாம் முடியுந்தட்டியும் நின்னு பாத்துட்டுப் போயிட்டாராம். பொறவு வரவே இல்ல." தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "கூப்புட்டிருக்கணும். எங்க தாத்தா சாகுமட்டும் அதச் சொல்லிச் சொல்லி மாஞ்சு போனாரு."

செத்தவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வருவதுதான் நீர்மாலை. குடம் பிள்ளை கையில். மேலே நாலு முனையும் பிடித்து வெள்ளைத் துணி கட்டி வருவது பங்காளிகள். அந்த வேலைக்குக் கூப்பிட்டால் ரத்த சொந்தம். கூப்பிடாவிட்டால் எவ்வளவு பெரிய மாலையோடு வந்தாலும் அந்நியன். இதைச் சத்தியநேசனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. விஜயபாண்டி போனையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் விரல் நகரவில்லை.

சீனியம்மாள் பத்திரத்தை உரக்கப் படித்தாள். சொல்லப்பட்ட வம்சம் எல்லாம் வரிசையாக வந்தது. கடைசியில், இனி மேற்படி சொத்தில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ யாதொரு பாத்தியமும் சம்பந்தமும் இல்லை என்று வந்தது. சொத்தைப் பற்றித்தான் சொல்கிறது. எல்லாப் பத்திரத்திலும் இருக்கிற வாசகம்தான். இருந்தாலும் அந்த வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். எதிர் ஆபீசுக்குப் போய் கையெழுத்துப் போட்டார், பெருவிரல் வைத்தார், கேமராவைப் பார்த்து நின்றார்.

"ரொம்ப நன்றி சார்" என்றான் விஜயபாண்டி. பத்திரத்தில் இருந்த முறை அவன் வாயில் வரவில்லை. பெரியவர், "வாரேன் தம்பி" என்றார். பஸ்ஸில் ஏறும்போது கண்டக்டரிடமும், "தம்பி, மம்சாபுரம்" என்று சொன்னது காதில் விழுந்தது. பெத்தம்மாளுக்கென்று வாங்கியிருந்த பால்கோவாப் பொட்டலத்தைக் கொடுக்க மறந்து, கையிலேயே வைத்துக்கொண்டு ராஜபாளையம் வந்து சேர்ந்தார்.

அன்றைக்கே காலிக் கட்டத்தில் மையால் குருசாமி என்று எழுதினார். அங்கிருந்து வலப்பக்கம் ஒரு கிளை இறக்கி, விஜயபாண்டி வரைக்கும் கொண்டுவந்தார். படம் முழுசாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை செல்வினுக்குப் போனில் காட்டினார்.

"சூப்பர் டாடி. யாரு இவங்கல்லாம்?"

"நம்ம சொந்தக்காரங்கப்பா."

"வீட்டுக்கு வந்தாங்களா?"

பதில் சொல்வதற்குள் படம் திரையில் உறைந்து நின்றுவிட்டது. நல்லவேளை என்று போனைக் கவிழ்த்து வைத்தார். தேடும்போதாவது நாளைக்கு எங்கே போவது, யாரைப் பார்ப்பது என்று ஒரு வேலை இருந்தது. இப்போது அதுவும் இல்லை. சுவர் நிறையச் சொந்தம் இருந்தது. சாயங்காலம் டீ போடும்போது பழக்கத்தில் ரெண்டு டம்ளர் எடுத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைத்தார்.

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு காலையில் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"மிலிட்டரிக்காரரே, நான் மம்சாபுரம் டீக்கடை வெள்ளத்தாய். குருசாமி அய்யா தவறிட்டாவ. ஒங்களுக்கு யாரும் சொல்லிருக்க மாட்டாகன்னுதான் போட்டேன்."

போகலாமா? பத்திரம் எழுதிக் கொடுத்தவன் என்ன முறையில் போவது? மகன் கூப்பிடவில்லை. போய் நின்றால், ஆள் போனதும் மறுபடி வந்துட்டான் பாரு என்று நினைக்க மாட்டானா? இதையெல்லாம் யோசித்தபடியேதான் சட்டையை மாட்டினார். மாலை ஒன்று வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

துட்டி வீட்டில் மாலையைப் போட்டுவிட்டு, பெத்தம்மாளைக் கும்பிட்டார். அவள் அழுகைக்கு நடுவில் யாரென்று பார்த்ததாகத் தெரியவில்லை. சொந்தக்காரர்கள் வீட்டை ஒட்டிப் போட்ட பெஞ்சில் இருந்தார்கள். ஊர்க்காரர்களுக்கு எதிர்ப்புறம் பந்தல் போட்டு நாற்காலி போட்டிருந்தது. இரண்டிலும் உட்கார மனசு வராமல் தெரு முக்கில் போய் நின்றார். நின்ற பிறகுதான், வீரணனும் இந்த இடத்தில்தான் நின்றிருப்பார் என்பது நினைப்புக்கு வந்தது. சட்டென்று அந்த இடத்தை விட்டு நகரத் தோன்றியது. கால் நகரவில்லை.

மேற்கே மலையில் மழைக்கருக்கல் ஏறிக்கொண்டிருந்தது. மழைக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும் என்று எல்லாரும் பரபரத்தார்கள். சடங்கு செய்ய வந்தவர் சங்கை ஊதிவிட்டு, "நீர்மாலைக்குப் பங்காளிமாரெல்லாம் வாங்கய்யா" என்று கூப்பிட்டார். விஜயபாண்டி குடத்தோடு வந்து நின்றான். பங்காளிகளில் வயசாளிகள் ரெண்டு பேரும் ஒரு கல்லூரிப் பையனும் வந்தார்கள். வெள்ளைத் துணியை விரித்தார்கள். மூன்று முனைக்கு ஆள் நின்றது.

"நாலாவது ஆளு?"

"திருப்பூர்ல இருந்து வாரவுக இன்னும் பாதி வழிகூடத் தாண்டல."

"நான் புடிக்கேன்" என்று விஜயபாண்டியின் மச்சான் ஒருத்தன் முன்னால் வந்தான். "மாமன் மச்சான் புடிக்கக் கூடாதுய்யா. பங்காளிதான் புடிக்கணும்" என்றார் சடங்குக்காரர். துணியின் ஒரு முனை தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது.

விஜயபாண்டி சுற்றிலும் பார்த்தான். பெஞ்சைப் பார்த்தான், பந்தலைப் பார்த்தான், பிறகு தெரு முக்கைப் பார்த்தான். குடத்தை இன்னொரு கைக்கு மாற்றினான். அழுது அழுது அவன் முகம் வீங்கியிருந்தது.

"சித்தப்பா" என்றான்.

சத்தியநேசன் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

"சித்தப்பா, வாங்க. மழ வருதுல்லா."

பட்டாளத்தில் எந்தக் கட்டளையையும் அவருக்கு இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருந்ததில்லை. அன்றைக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஷூவைக் கழற்றித் தெருவிலேயே போட்டுவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை சபையில் யாராவது ஏதாவது கேட்பார்கள். கேட்டால் கேட்கட்டும். தண்ணீர் எடுக்கப் போன பம்புசெட்டில் எல்லாரோடும் சட்டையைக் கழற்றிவிட்டு நின்று தலையில் தண்ணீர் வாங்கிக்கொண்டு, நாலாவது முனையைத் தூக்கிப் பிடித்தார். மற்ற மூன்று பேரும் குட்டை. இவர் பக்கம் துணி உயர்ந்து, விஜயபாண்டி தலைக்கு மேல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "கொஞ்சம் தாழ்த்திப் புடிங்க சித்தப்பா" என்றான் அந்தக் கல்லூரிப் பையன். யார் வீட்டுப் பிள்ளை என்று அவருக்குத் தெரியாது. படத்தில் அவன் இல்லை. கையைத் தாழ்த்தி, முழங்கையை மடக்கி, வீடு வரைக்கும் அப்படியே பிடித்து வந்தார்.

காடு வரைக்கும் போய்விட்டு ராஜபாளையம் வந்து சேரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. மழை விட்டிருந்தது. நாகஜோதி வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்கய்யா, இப்படித் தொப்பலா நனஞ்சு வாரீய?"

"துட்டிக்குப் போயிட்டு வாரேம்மா."

"ஐயோ, அப்படியே உள்ள போயிராதீய. செத்த நில்லுங்க, தண்ணி கொண்டாரேன்." ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து அவர் வாசற்படியில் வைத்தாள். "யாருக்குய்யா துட்டி? சபை ஆளா?"

"இல்லம்மா. எங்க அண்ணன்."

"ஒங்களுக்கு அண்ணன் இருக்காகளா? ஒரு நாள்கூடச் சொன்னதில்லயே. வந்து போயும் பாத்ததில்ல."

அவர் வாளிக்குள் செம்பை விட்டார். துட்டி வீட்டில் வராத அழுகை இப்போது வந்தது. நாகஜோதிக்கு முன்னால் அழ வெட்கப்பட்டு, அவசரமாகத் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டார். எழுபத்திரண்டு வயசு வரைக்கும் எங்க அண்ணன் என்று அவர் ஒருத்தரையும் சொன்னதில்லை. இன்றைக்குத்தான் வாயில் வந்தது. தம்பி, தம்பி என்று ஊரையே கூப்பிட்டுக்கொண்டிருந்த மனிதர் அதைக் கேட்க இல்லை.